வெப்ப நாட்டில் ஒரு போர்வை

நிலநடுக்கோட்டிற்கு ஏறத்தாழ ஒரு பாகை வடக்கே அமைந்த தீவில் நாம் வாழ்கின்றோம். மார்கழியிலும் வியர்வை துடைக்கின்ற நமக்குப் பஞ்சு வைத்துத் தைத்த கனத்த போர்வை எதற்கு? ஒட்டுப் போர்வை தைப்பதைப் பொழுதுபோக்காகக் கொண்ட எவரும் இவ்வினாவுக்கு விடை கூறாமல் தப்ப இயலாது. 'இப்போதுதான் வீடுதோறும் குளிர்சாதனம் வந்துவிட்டதே' என்று சிலர் சிரித்துக்கொண்டே மறுமொழி சொல்வர். இயந்திரத்தைக் கொண்டு அறையைக் குளிர்வித்துவிட்டு, அக்குளிருக்கு அஞ்சிப் போர்த்திக்கொள்வதையும் ஒரு தேவை என்றே ஒப்புக்கொள்வோம். அத்தேவையைத் தீர்க்கக் கடையில் விற்கும் போர்வையே போதுமன்றோ? ஓராண்டுக் காலம் ஊசியும் கையுமாக அமர்ந்திருக்க வேண்டியதில்லை.

தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்த என் பெரியம்மா இதே வினாவை இன்னும் கூர்மையாகக் கேட்டார். "புதுத் துணியை எதற்கம்மா துண்டு துண்டாக வெட்டுகிறாய்? வெட்டியதை எதற்கு மறுபடியும் ஒட்டுப் போடுகிறாய்? நமக்கு இப்போது என்ன குறை?" என்றார். ஒட்டுப் போடுதல் என்றாலே அவருக்கு இல்லாமைதான் நினைவுக்கு வரும். பழஞ்சேலைகளை மடித்து அடுக்கி, ஓட்டுத்தையல் போட்டு, குழந்தைகளுக்கு விரிப்பாக்கிய தாய்மார்களிடையே வளர்ந்தவர் அவர். அந்த விரிப்பைப் பொழுதுபோக்கு என்று அங்கே யாரும் அழைத்ததில்லை.

பெரியம்மாவின் வினாவைப் பழைய தலைமுறையின் அறியாமை என்று ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. அதனுள் ஓர் அறக்கேள்வி அடங்கியிருக்கின்றது. யாருக்கும் தேவைப்படாத உழைப்பு உழைப்பாகுமா? ஒருவர் வறுமையால் செய்ததை மற்றொருவர் வளமையால் செய்து மகிழ்வது முறைதானா? இவ்விரண்டு வினாக்களையும் தள்ளிவிட்டு, ஒட்டுப் போர்வையின் இன்ப துன்பங்களை மட்டும் பேசினால் அப்பேச்சு அரைகுறையாகவே முடியும்.

இக்கலையை அறியாதார்க்குச் சிறு விளக்கம் வேண்டும். ஒட்டுப் போர்வைக்கு மூன்று அடுக்குகள் உண்டு. மேலடுக்கு பலநிறத் துணித் துண்டுகளை ஒன்றோடொன்று இணைத்து உருவாக்கியது. நடுவே பஞ்சு விரிப்பு. அடியில் ஒரே துணியாலான பின்புறம். இம்மூன்றையும் ஊடுருவிச் செல்லும் ஓட்டுத்தையலே போர்வைக்கு உயிர் தருவது. அத்தையல் இல்லையேல் முதல் சலவையிலேயே பஞ்சு ஒருபுறம் திரண்டுவிடும். உலகின் பல பகுதி மக்களும் இவ்வகை வேலையைத் தத்தம் வழியில் அறிந்திருக்கின்றனர். வங்கத்துப் பெண்கள் பழம்புடவைகளை அடுக்கித் தைப்பதைக் 'காந்தா' என்பர்; நம் 'கந்தை'யை நினைவூட்டுகின்ற சொல் அது. சீனக் குடும்பங்களில் புதிதாய்ப் பிறந்த குழந்தைக்காக நூறு வீடுகளில் துணித்துண்டு கேட்டுப் பெற்றுத் தைக்கும் வழக்கம் இருந்தது. நூறு வீட்டாரின் வாழ்த்தும் குழந்தையைப் போர்த்தும் என்பது நம்பிக்கை. வெட்டி எஞ்சிய துணியை மலாய் மொழியில் 'பெர்ச்சா' என்பர். பெர்ச்சாவினால் தைத்த போர்வைகளும் கால்மிதிகளும் நமக்குப் புதியன அல்ல.

இதன் இன்பம் எங்கே தொடங்குகின்றது? நிறங்களில் என்றே நான் சொல்வேன். தனியே பார்க்கையில் ஒருவரும் விரும்பாத மங்கலான பழுப்பு, ஆழ்ந்த நீலத்தின் அருகே வைத்ததும் ஒளி பெறுகின்றது. கண்ணைப் பறிக்கும் செம்மஞ்சளோ தன் அண்டை நிறங்களையெல்லாம் அடக்கிவிடுகின்றது. இரவு உணவுக்குப் பின் துண்டுகளைத் தரையில் பரப்பி, இதை அங்கே வைத்தும் அதை இங்கே மாற்றியும் பார்த்துக்கொண்டிருக்கையில் நள்ளிரவு கடந்துவிடுகின்றது. பிள்ளைகள் மணற்கரையில் வீடு கட்டுகையில் அடையும் இன்பத்தை ஒத்தது இது.

துன்பம் கால் அங்குலத்தில் தொடங்குகின்றது. இரண்டு துண்டுகளை இணைக்கையில் ஓரத்தில் கால் அங்குலம் விட்டுத் தைக்க வேண்டும் என்பது இக்கலையின் அடிப்படை விதி. ஒரு வரிசையில் 12 சதுரங்கள் இருந்தால் 11 தையல்கள் விழும். ஒவ்வொரு தையலும் ஓர் அங்குலத்தில் 16இல் ஒரு பங்கு மட்டும் கூடுதலாகத் துணியை விழுங்கிவிட்டால், வரிசையின் முடிவில் அரை அங்குலத்திற்கும் மேல் குறைந்துவிடும். அடுத்த வரிசை பிழையின்றி அமைந்ததோ, அதனால் வந்தது கேடு! மூலைகள் ஒன்றையொன்று சந்திக்க மறுக்கும். கண்ணுக்குத் தெரியாத பிழைகள் கூடி நின்று கண்ணுக்குத் தெரியும் கோணலாவதை இத்துணை வெளிப்படையாகக் காட்டும் வேலை வேறில்லை.

குறுக்காக வெட்டிய துணி இழுத்த இழுப்புக்கெல்லாம் நீளும். மும்முரமாகத் தைத்துக்கொண்டிருக்கையில் பாபினில் நூல் தீர்ந்திருப்பது ஒரு முழம் கடந்த பிறகே தெரியவரும். மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைத்து முடித்துத் திருப்பிப் பார்த்தால், பின்புறத் துணி சுருங்கி மடிந்து தைபட்டிருக்கும். அத்தனையையும் பிரிக்க வேண்டும். தைப்பதைவிடப் பிரிப்பதற்கே பொறுமை மிகுதியாக வேண்டும். நம் நாட்டுக் காற்றின் ஈரமோ குண்டூசிகளைக்கூட விட்டுவைப்பதில்லை. சில வாரங்கள் துணியில் குத்தியபடி மறந்துவிட்டால், எடுக்கையில் துருவின் புள்ளி துணியில் நிலைத்துவிடும். எல்லாம் முடிந்து முதல் சலவைக்குப் போட்டால், சாயம் கெட்டிப்படாத கருஞ்சிவப்புப் பாத்திக் துணி தன் அண்டையிலிருந்த வெள்ளையை இளஞ்சிவப்பாக்கிவிடும்.

அமெரிக்க நாட்டில் ஒரு கதை வழங்குகின்றது. குறைவற்ற படைப்பு இறைவனுக்கே உரியது. ஆகவே அக்காலப் பெண்கள் தம் போர்வைகளில் வேண்டுமென்றே ஒரு துண்டை மாற்றித் தைத்து, தம் அடக்கத்தைக் காட்டினர் என்பது அக்கதை. இதற்குச் சான்றில்லை என்பதே போர்வைகளின் வரலாற்றை ஆராய்ந்தோர் பலரின் கருத்து. பழம்போர்வைகளில் காணப்படும் பிழைகள் மங்கிய விளக்கொளியிலும் களைத்த கண்களாலும் நேர்ந்தவையாகவே இருத்தல் வேண்டும். மேலும், ஒரு பிழையை வலிந்து செய்ய வேண்டும் என்று எண்ணுபவர், மற்றவையெல்லாம் பிழையற்றவை என்று முடிவு கட்டிவிட்டவரன்றோ? அதை அடக்கம் என்று அழைப்பது எங்ஙனம்? ஊசி பிடித்தவர் எவரும் பிழைக்காகத் தனியே முயல வேண்டியதில்லை.

இத்தனைத் தொல்லையையும் ஒருவர் தாமே தேடிக்கொள்வானேன்? எந்த நொடியிலும் கைவிட்டு எழுந்து போகலாம், கேட்பார் யாருமில்லை. ஆயினும் கோணலான மூலையைக் கண்டதும் மனம் ஒப்பாமல், நேற்றைய உழைப்பு முழுவதையும் பிரித்துவிட்டு மீண்டும் தொடங்குகின்றோம். அலுவலகத்தில் மேலதிகாரி இதே வேலையை ஏவியிருந்தால் எத்துணை முணுமுணுப்போம்! பள்ளியில் ஆசிரியர் கட்டுரையைத் திருப்பி எழுதச் சொன்னால் மாணவர் முகம் எப்படி மாறுகின்றது என்பதை ஆசிரியர்களாகிய நீங்கள் நன்கறிவீர்கள். தையலில் அந்த விதியை நமக்கு நாமே விதித்துக்கொள்கின்றோம். அதனால்தான் விதி சுமையாகத் தோன்றுவதில்லை. பொழுதுபோக்கின் இன்பம் அதன் எளிமையில் இருப்பதாக எண்ணுவோர் அதைச் சரிவரப் புரிந்துகொள்ளவில்லை. ஏவுவார் யாருமின்றி ஒரு கடுமைக்குத் தலைவணங்கும் உரிமையே அந்த இன்பம் என்பது என் கருத்து.

அவ்வாறாயின், அந்த உரிமை இல்லாமல் தைத்தவர்களின் நிலை என்ன? அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், ஆற்றின் வளைவொன்றுக்குள் ஜீஸ் பெண்ட் என்னும் சிற்றூர் இருக்கின்றது. பருத்தித் தோட்டத்தில் அடிமைகளாக உழன்றவர்களின் வழிவந்த கறுப்பின மக்கள் வாழும் ஊர் அது. அங்குள்ள பெண்கள், உழைத்துத் தேய்ந்த காற்சட்டைகளையும் கிழிந்த சட்டைகளையும் வெட்டிப் போர்வை தைத்தனர். குளிர்காற்று புகும் மரவீடுகளில் குழந்தைகள் உறங்க வேண்டுமே! 2002ஆம் ஆண்டில் அப்போர்வைகள் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தின் சுவர்களில் ஏறின. பின்னர் நியூயார்க்கிலுள்ள விட்னி அருங்காட்சியகமும் அவற்றைக் காட்சிக்கு வைத்தது. ஓவிய வல்லுநர்கள் வியந்து போற்றினர். 2006ஆம் ஆண்டில் அமெரிக்க அஞ்சல்தலைகளிலும் அவை இடம்பெற்றன. ஆனால் அப்பெண்களுள் புகழ்பெற்ற ஒருவரான லொரெட்டா பெட்வே, தாம் தையலை விரும்பியதே இல்லை என்று ஒளிவு மறைவின்றிச் சொல்லியிருக்கின்றார். வயல்வேலையும் வீட்டுவேலையும் முடிந்த பின் வேறு வழியின்றிச் செய்த வேலை அவருக்கு அது. அவருடைய போர்வையைப் பார்த்து மகிழ்பவர்கள் இந்தச் சொல்லையும் சேர்த்தே கேட்க வேண்டும். அழகு பிறந்த இடத்தில் இன்பமும் இருந்தே தீரும் என்று எண்ணிக்கொள்வது பார்ப்பவரின் வசதிக்கான எண்ணம்.

நம் இலக்கியம் ஒட்டுத்துணியின் வறுமையை மறைத்ததில்லை. பொருநராற்றுப்படையில் வரும் பொருநன் உடுத்தியிருந்த ஆடை ஈரும் பேனும் குடியிருந்தது, வியர்வையில் நனைந்தது, வேறு வேறு நூல்கள் நுழையத் தைத்துத் தைத்து ஒட்டுப்போட்டது. கரிகாலன் செய்த முதற் கொடைகளுள் ஒன்று, அக்கந்தையைக் களைந்து பாம்பின் தோல் போன்ற மெல்லிய ஆடையை உடுத்தச் செய்ததுதான். 'துன்னம்' என்னும் பழஞ்சொல் தையலைக் குறிக்கும். புகார் நகரத்துத் தொழிலாளருள் துன்னகாரரையும் சிலப்பதிகாரம் குறிப்பிடுகின்றது. தையல் தொழிலை மதித்தவர்களே நம் முன்னோர். ஆனால் ஒட்டுப்போட்ட ஆடையை அழகென்று கொண்டாடியவர்கள் அல்லர். பெரியம்மாவின் வினாவுக்குப் பின்னால் இத்தனை நீண்ட மரபு நிற்கின்றது.

வறுமையின்றி, தெரிந்தே துணியை வெட்டி ஒட்டியவர்களும் உண்டு. மகத நாட்டு வயல்களைப் பார்த்த புத்தர் பெருமான், வரப்புகளால் பகுக்கப்பட்ட அவ்வயல்களைப் போலவே துறவியரின் ஆடை அமைய வேண்டும் என்று ஆனந்தரிடம் கூறியதாகப் பௌத்த விநய நூல் சொல்லும். இன்றும் நம் நகரத்து விகாரைகளில் துறவியரின் காவியாடையை உற்று நோக்கினால் அவ்வரப்புகளைக் காணலாம். முழுத்துணிக்குச் சந்தையில் விலை உண்டு. வெட்டித் தைத்த துணியைக் கள்வனும் விரும்ப மாட்டான். துணியின்மேல் உள்ள ஆசையை அறுக்கவே அங்கே துணி அறுக்கப்பட்டது.

பொழுதுபோக்காகத் தைப்பவர்களிடம் நடப்பது இதற்கு நேர்மாறு. நாம் துணியை வெட்ட வெட்ட ஆசை வளர்கின்றது. 1979ஆம் ஆண்டில் ஜப்பானின் ஓல்ஃபா நிறுவனம் உருளும் வட்டக் கத்தியை உருவாக்கிய பிறகு, கத்தரிக்கோலால் ஒவ்வொன்றாக வெட்டிய துண்டுகளை அடுக்கடுக்காக நொடியில் வெட்ட முடிகின்றது. கத்திக்கு ஏற்ற விரிப்பு, விரிப்புக்கு ஏற்ற அளவுகோல், இவற்றையெல்லாம் வைக்க ஓர் அலமாரி என்று செலவு தொடர்கின்றது. துணியோ சொல்லவே வேண்டியதில்லை. வாழ்நாள் முழுதும் தைத்தாலும் தீராத துணியை வாங்கிக் குவித்துவிட்டு, மலிவு விற்பனை என்றதும் மீண்டும் கடையில் போய் நிற்போரை நான் அறிவேன். மிச்சம் பிடிக்கப் பிறந்த கலை மிகைக்குக் காரணமாகிவிட்டது. பெரியம்மாவின் வினாக்களுள் இதற்கு மட்டும் என்னிடம் விடையில்லை. மற்ற வினாவுக்கு, அதாவது வெப்ப நாட்டில் போர்வை எதற்கு என்பதற்கு, இத்தீவின் வரலாற்றிலேயே ஒரு விடை கிடைக்கின்றது.

1942ஆம் ஆண்டு பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. ஐரோப்பியக் குடிமக்கள் சாங்கிச் சிறையில் அடைக்கப்பட்டனர். 600 கைதிகளுக்கென்று கட்டப்பட்ட சிறையில் அதைப்போல் பல மடங்கு மக்கள். அவர்களுள் ஏறத்தாழ 400 பேர் பெண்களும் குழந்தைகளும். கணவன்மார் வேறிடத்தில், உயிரோடு இருக்கின்றாரா என்ற செய்தியும் இல்லை. எதெல் மல்வனி என்னும் கனடா நாட்டுப் பெண்மணி ஒரு யோசனை சொன்னார். ஒவ்வொருத்திக்கும் ஒரு வெள்ளைத் துணிச் சதுரம். அதில் அவள் தன்னைப் பற்றி ஏதேனும் ஒன்றைத் தைத்துப் பெயரையும் தைக்க வேண்டும். 66 சதுரங்கள் சேர்ந்து ஒரு போர்வை. இவ்வாறு மூன்று போர்வைகள் உருவாயின. பிரிட்டிஷ் வீரர்களுக்கு ஒன்று, ஆஸ்திரேலிய வீரர்களுக்கு ஒன்று, காயம்பட்ட ஜப்பானிய வீரர்களுக்கு ஒன்று. மூன்றாவது இல்லையேல் முதலிரண்டும் சிறைக்கதவைத் தாண்டியிருக்க வாய்ப்பில்லை. சிலர் பூக்களைத் தைத்தனர். சிலர் விட்டுவந்த வீட்டைத் தைத்தனர். போர்வைகள் மருத்துவமனையை அடைந்தபோது, பெயர்களைப் படித்த கணவன்மார் தம் மனைவியர் உயிரோடிருப்பதை அறிந்தனர். அதே சிறையில் சாரணச் சிறுமியர் சிலர் கிடைத்த கந்தல்களை அறுகோணங்களாக வெட்டி, தங்கள் தலைவிக்குப் பிறந்தநாள் பரிசாக ஒளித்து ஒளித்துத் தைத்த போர்வை ஒன்றும் உண்டு. அது இப்போது இலண்டனில் இருக்கின்றது.

வெப்பம் தகிக்கும் சிறையில் எவருக்கும் போர்வை தேவைப்படவில்லை. ஆயினும் அப்பெண்களின் உழைப்பைத் தேவையற்றது என்று சொல்ல யாருக்குத் துணிவு வரும்? 'நான் இருக்கிறேன்' என்று ஒரு சாண் துணியில் எழுதுவது குளிருக்குப் போர்த்திக்கொள்வதைவிடக் குறைந்த தேவை அன்று. ஆஸ்திரேலியப் போர்வையின் பின்புறத்தில், போர் முடிந்ததும் இதைச் செஞ்சிலுவைச் சங்கத்திடம் சேர்க்க வேண்டும் என்ற விருப்பத்தை எழுதிவிட்டு, உலர்சலவை செய்வது நலம் என்றும் குறித்திருக்கின்றனர். அரை வயிற்றுக் கஞ்சிக்கு வழியில்லாதபோதும் சாயம் போய்விடுமே என்ற கவலை! தைப்பவர்களுக்கு இது விளங்கும். ஆஸ்திரேலியப் போர்வையும் ஜப்பானியப் போர்வையும் இன்று கான்பராவில், ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தின் பாதுகாப்பில் உள்ளன.

இதைப் படிக்கும் தமிழருக்கு வேறொன்றும் நினைவுக்கு வரும். அதே 1942, 1943ஆம் ஆண்டுகளில் மலாயாத் தோட்டங்களிலிருந்து சயாம் மரண இரயில்பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்ட நம் தொழிலாளர் பல்லாயிரவர். 415 கிலோமீட்டர் நீளப் பாதையின் ஓரத்தில் மாண்டவர்களுள் பெரும்பாலோரின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. எந்தத் துணியிலும் இல்லை. துணிப் பஞ்சம் மிகுந்து சாக்கை உடுத்திய காலம் அது. பெயரைத் தைக்க ஒரு சதுரத் துணியும் சிறிது நூலும் கிடைப்பதுகூட ஒரு பேறுதான் என்பதைச் சாங்கிப் போர்வைகளைப் புகழும்போது மறக்கலாகாது.

சாங்கிப் பெண்களின் பெருமையில் பங்கு கேட்கும் உரிமை இன்றைய பொழுதுபோக்காளருக்கு இல்லை. ஜீஸ் பெண்ட் பெண்களின் பெருமையிலும் இல்லை. அவர்களைப் போன்ற நெருக்கடி எதுவும் நம்மைத் தைக்க வைக்கவில்லை. நாம் கோரக்கூடியது மிகச் சிறியது. நாளின் பெரும்பகுதியைப் பிறருக்கு விற்றுவிட்ட ஒருவர், எஞ்சிய இரண்டு மணி நேரத்தை விலை பேசாமல் ஒரு பொருளில் வைக்கின்றார். அப்பொருளை இன்னொருவர் கையில் கொடுக்க முடிகின்றது. அவ்வளவே. வறுமையில் தைத்தவர்களை இது அவமதிக்கின்றதா என்றால், அவர்கள் ஏன் தைத்தார்கள் என்பதை மறந்து நிறத்தையும் வடிவத்தையும் மட்டும் எடுத்துக்கொண்டால் அவமதிப்புத்தான் என்பேன்.

கொடுப்பதிலும் ஒரு சிக்கல் இருக்கின்றது. "விற்பீர்களா? என்ன விலை?" என்று கேட்பவர் உண்டு. இருநூறு மணி நேரம் தைத்தது என்று வைத்துக்கொள்வோம். மணிக்குப் பத்து வெள்ளி என்றாலும் இரண்டாயிரம் வெள்ளி ஆகின்றது. துணியும் பஞ்சும் தனி. கேட்டவர் முகம் மாறிவிடும். ஆகவே பெரும்பாலான போர்வைகள் அன்பளிப்பாகவே போகின்றன. பெற்றவர் அதை என்ன செய்கின்றார்? மிக மதிப்பவர் அலமாரியில் பூட்டி வைக்கின்றார். ஈரத்தில் பூஞ்சை பிடிக்கின்றது. மதிப்பறியாதவர் வீட்டு நாய்க்கு விரிக்கின்றார். அங்காவது அது பயன்படுகின்றது. ஓராண்டு உழைப்பைக் கொடுத்துவிட்டு, அது எங்கே என்று கேளாமலிருப்பது ஓராண்டு தைப்பதைவிடக் கடினம்.

சில ஆண்டுகளுக்கு முன் மெல்பர்ன் நகருக்கு மேற்படிப்புக்குச் சென்ற மாணவி ஒருத்திக்கு ஒரு போர்வை கொடுத்தேன். அங்கே குளிர் உண்டு. போர்வை நாள்தோறும் பயன்பட்டது. அண்மையில் அவளிடமிருந்து மடல் வந்தது. நாற்காலி ஆணியில் மாட்டி ஒரு மூலை கிழிந்துவிட்டதாம். அதே துணியில் மிச்சம் இருந்தால் அனுப்ப முடியுமா, தானே ஒட்டுப் போட்டுக்கொள்வதாக எழுதியிருந்தாள். தேடிப் பார்த்தேன். நீலத்தில் ஒரு சாண் இருந்தது. அதோடு ஓர் ஊசியையும், மூலையில் கால் அங்குலம் விட்டுத் தைக்க வேண்டும் என்ற குறிப்பையும் வைத்து அனுப்பியிருக்கின்றேன்.